கறுப்பு வெள்ளையில் ஞானபாக்கியம்

பெரிய வீட்டுப் பெண்மணிகளை வரைந்தே பேர் வாங்கிய ஓவியன் எழிலனுக்குக் கலர் என்றாலே இளப்பம். சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் செய்யும் தெற்கத்திக் குடும்பத்து ஞானபாக்கியம் அம்மாள், தான் வியாசர்பாடியில் கட்டிய இலவச டயாலிசிஸ் மையத்தில் மாட்டப் படம் கேட்டபோது, “கரித்துண்டுலதாம்மா ஆத்மா பிடிபடும்” என்று அளந்துவிட்டான். ஆத்மா பிடிபட்டதோ இல்லையோ, அம்மாளின் இரட்டைத் தாடையில் ஒன்று காணாமல் போயிருந்தது.

திறப்பு விழா அன்று, அம்மாள் வருவதற்கு முன்பே படத்தை மாட்டிவிட்டு, யாராவது பாராட்ட மாட்டார்களா என்று பக்கத்திலேயே நின்றான். அம்மாளை வரவேற்க ரோஜா மாலையோடு வந்த மையத்து ஆயா மலர்க்கொடி, படத்தைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, எப்பம்மா போய்ட்ட? நேத்துகூட போன்ல பேசினியே!”

மாலை படத்துக்கு ஏறியது. யாரோ ஊதுவத்தி கொளுத்தினார்கள். கூடமே அழுதது. கறுப்பு வெள்ளையில் பெரிய படம் மாட்டினால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். புளியந்தோப்பில் பிறந்த எழிலனுக்குத்தான் நுங்கம்பாக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் போய்வந்ததில் மறந்துவிட்டது.

அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் மலர்க்கொடி விம்மினாள்.

“உசுரோட நிக்கிற மாதிரியே கீதே!”

இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். ஞானபாக்கியம் அம்மாள்.

“எல்லாரும் அழுதாவ. நீங்க மட்டும் ஏன் தம்பி சிரிக்கிய?”