மாட்டுத்தோல் தொங்கும் வாசல்

ஜோதமுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு மாதமாக இரண்டு வீட்டுக்கு விறகு பிளக்கிறான், தன் வீட்டுக்கும் ஏபியல் வீட்டுக்கும். நாடு முழுவதுக்கும் எழுதிய புதிய அரசியல் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போட ஏபியலை ஊர் பாஸ்டனுக்கு அனுப்பியிருந்தது. அவன் திரும்பும்வரை அவன் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரன் பாடு.

ஊர்க்கூட்டம் கைதூக்கிச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "வேண்டாம்னு சொல்லிட்டு வா."

போன குளிர்காலத்தில், கடன்பட்ட குடியானவர்களின் கலகத்தை அடக்க வந்த பட்டாளம் ஜோதமின் கதவைப் பிளந்தது. சோதனை போட நீதிமன்ற உத்தரவும் இல்லை, கேள்வியும் இல்லை. வைக்கோல் மெத்தையைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்த வாசலில் மாட்டுத்தோல்தான் தொங்குகிறது. உத்தரவில்லாமல் வீடு புகக்கூடாதென்று சட்டத்தில் எழுதட்டும், அப்புறம் கதவு போடுகிறேன் என்று சொல்லிவிட்டான். எழுதாமல் போட்டால், மறுபடி உடைக்க நாமே பலகை எடுத்துக் கொடுத்த மாதிரி.

ஏபியல் பனியை மிதித்துக்கொண்டு வந்தான். கைகளில் புது மான்தோல் கையுறை. ஜோதம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, உறையைத்தான் பார்த்தான்.

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"குளிருடா. நானேதான் வாங்கினேன்."

"வேண்டாம்னு சொன்னியா?"

ஏபியல் விறகுக் குவியலைப் பார்த்தான். "சரின்னு சொல்லிட்டேன்."

கோடரி கட்டையில் இறங்கியது.

"கேளுடா. சட்டம் போடறவன் ஒருத்தன், நடத்தறவன் ஒருத்தன், தீர்ப்பு சொல்றவன் ஒருத்தன். யாரும் ஆடாம ஒருத்தன் கையை ஒருத்தன் புடிச்சுக்குவான்."

"மூணு பேரும் கைகோத்துக்கிட்டு என் வீட்டுக்குள்ள வந்தா?"

"அதுக்குத்தான் நம்ம உரிமையையும் எழுதச் சொல்லியிருக்கோம். முதல்ல சரின்னுடுங்க, பின்னாடி சேர்த்துடறோம்னு வாக்குக் குடுத்திருக்காங்க."

"மாட்டை ஓட்டிட்டுப் போறேன், விலையை அப்புறம் பேசிக்கலாம்னானாம் ஒருத்தன். அந்தக் கதைதான். நீயும் கயித்தைக் குடுத்துட்டே."

ஜோதமின் மனைவி திர்சா தோலை விலக்கி எட்டிப் பார்த்தாள். "பாஸ்டன்ல கதவு போட்ட வீட்லதானே தங்கினீங்கண்ணே?"

ஏபியலுக்குக் காது சிவந்தது. உறைகளைக் கழற்றி நீட்டினான். "அவங்க எழுதற வரைக்கும் உங்கிட்ட அடகா இருக்கட்டும்."

ஜோதமின் விரல்கள் குளிரில் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தன. ஆனாலும் அவன் போட்டுக்கொள்ளவில்லை. வாசல் நிலையில் ஆணியடித்து, தெருவில் போகிறவன் கண்ணில் படும்படி மாட்டினான்.

"எவனாவது என்னன்னு கேட்டா?" என்றாள் திர்சா.

"பாஸ்டன்காரன் வச்ச பாக்கின்னு சொல்லு. உத்தரவில்லாம எவனும் வீட்டுக்குள்ள நுழையக்கூடாதுங்கிற ஒரு வரி. இன்னும் வரலை."