மூன்றாவதாக நின்ற முகுந்தன்

14 ஜூலை 2025, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். காலையில் முகுந்தன் வந்ததும் நெற்றியில் சூடு பார்த்தேன், 37.3 டிகிரி, காய்ச்சல் இல்லை. அதை எழுதிக்கொண்டேன். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பார்க்க மறந்துவிட்டேன். சூடு, வாய், கை, கால் என்று வகுப்பில் வரிசையாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் முதலாவதோடு நின்றுவிட்டேன். பின்னால் பிள்ளைகளை விட வந்த இரண்டு மோட்டார் சைக்கிள்கள் காத்திருந்தன. அது ஒரு காரணம் ஆகாது.

இதை எழுதிய விஷாலினிக்கு இருபத்திரண்டு வயது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி முன்பு குடியிருந்த பழைய வீட்டில் புஷ்பா நடத்தும் பிள்ளைகள் காப்பகத்தில் பகலில் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் புக்கிட் பெருந்துங் டவுனில், ஒரு கடைவீட்டு மாடியில், குழந்தைப் பராமரிப்பு வகுப்பு. பாடத்தில் ஒரு பகுதியாக நாட்குறிப்பு எழுத வேண்டும். மற்ற பெண்கள் வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து, ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவார்கள். விஷாலினி அன்றன்றைக்கு எழுதுவாள். எழுதியதை மறுபடி படித்துப் பார்ப்பாள். இருப்பதைவிடத் தன்னைக் கொஞ்சம் கெட்டிக்காரியாகக் காட்டிக்கொண்டோமோ என்று தோன்றினால், அந்தச் சொல்லை அடித்துவிடுவாள்.

மறுநாள் விடியும் முன்பே முகுந்தனின் அம்மா மாலா போன் செய்தாள். பையனுக்கு வாயெல்லாம் புண், உள்ளங்கையில் கொப்புளம். கை, கால், வாய் நோய் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பத்து நாளைக்கு வெளியே அனுப்பக் கூடாது.

விஷாலினி பதறிப்போய்ச் சும்மா உட்காரவில்லை. பொம்மைகளை எல்லாம் பிளீச் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டாள். பாய்களை வெயிலில் காய வைத்தாள். கதவுப் பிடி, மேசை விளிம்பு, கழிவறைக் குழாய், ஒன்றையும் விடவில்லை. அதற்கு முன்பும் அந்த வீட்டில் சுத்தத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் படம் ஒட்டிய தனிக் கோப்பை, தனித் துவாலை. வந்ததும் சோப்பு போட்டு, இருபது வரை மலாய் மொழியில் எண்ணிக்கொண்டே கை கழுவுவார்கள். பன்னிரண்டுக்கு மேல் யாருக்கும் வரிசை நிற்காது. ஆளுக்கொரு எண் சொல்லிக் கத்துவார்கள். ஆனால் கை சுத்தமாகிவிடும்.

அப்படியிருந்தும் வெள்ளிக்கிழமை குமுதாவின் மகள் கண்மணிக்குக் காய்ச்சல். சனிக்கிழமை இன்னும் இரண்டு பேர். ஞாயிறு முடிவதற்குள் மேலும் இரண்டு. பதினொரு பிள்ளைகளில் முகுந்தனோடு சேர்த்து ஆறு பேர் படுத்துவிட்டார்கள்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் குமுதாவின் குரல் வந்தது. "காய்ச்சல் மருந்தக் குடுத்து சூட்ட அமுக்கிட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்கு அந்தப் பொம்பள. எம் புள்ள தண்ணி முழுங்க முடியாம அழுவுது. இனிமே அந்தப் பையன் அங்க வந்தான்னா நாங்க யாரும் வர மாட்டோம், சொல்லிட்டேன்." அதன் கீழே நான்கு வீட்டார் கட்டைவிரல் படம் போட்டார்கள்.

புதன்கிழமை சோறு வடிக்கும்போது புஷ்பா முடிவைச் சொன்னாள். "மாலா புள்ளைய இனிமே எடுக்கறதில்ல, விஷா. ஒண்ணப் பாத்தா அஞ்சு போயிரும்."

"அவங்க வேலை என்னாகும்க்கா?"

"அது என் கையில இல்லலா."

மாலாவின் வேலை எப்படிப்பட்டதென்று இருவருக்கும் தெரியும். புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் ஏழு மணி ஷிஃப்ட். ஆறு மாதத் தகுதிகாண் காலம் ஆகஸ்டில்தான் முடிகிறது. அவள் கணவன் ஜொகூர் பக்கம் லோரி ஓட்டுகிறான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான். காலை ஆறேகாலுக்குக் கதவைத் திறந்து மூன்று வயதுப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் இடம் அந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேலை இல்லை.

அன்று பிற்பகல் பிள்ளைகள் தூங்கும்போது விஷாலினி நோட்டில் கட்டம் போட்டாள். நோய் வந்தவர்கள், வராதவர்கள். யார் யாரோடு விளையாடினார்கள், யார் யார் பக்கத்தில் படுத்தார்கள். கட்டம் அவளைக் கேலி செய்தது. முகுந்தனோடு ஒட்டிக்கொண்டே திரிந்தவள் ராஃபேலின் மகள் கெய்ட்லின். அந்தத் திங்கட்கிழமை இருவரும் ஒரே பிளாஸ்டிக் கரண்டியால் இல்லாத சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் பாயில் தூங்கினார்கள். கெய்ட்லினுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் தம்பி ஜாரெட்டுக்கும் வரவில்லை. முகுந்தன் பக்கமே போகாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் கிறுக்கும் கண்மணிக்கு வந்திருக்கிறது. நான்தான் எதையோ சரியாகக் கவனிக்கவில்லை என்று எழுதி, கேள்விக்குறி போட்டு மூடிவைத்தாள்.

வியாழன் காலை. கூடத்து முருகன் படத்துக்கு முன்னால் வழக்கமான வணக்கம். வீட்டில் மிஞ்சியிருந்தது ஐந்து பிள்ளைகள். கெய்ட்லினும் ஜாரெட்டும் எப்போதும்போல ஓரத்துப் பாயில் உட்கார்ந்தார்கள். அவர்கள் தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். சேர்க்கும்போதே ராஃபேல் கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. மற்றவர்கள் உயர வரிசையில் நின்றார்கள். குட்டையான பிள்ளை முதலில், உயரமான திவாகரன் கடைசியில். வழக்கமாக ஒன்பது பேர் நிற்கும் வரிசையில் இன்று மூன்றே பேர்.

விஷாலினி முதல் பிள்ளையின் நெற்றியில் விபூதி பூசினாள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். அவள் வீட்டில் அம்மா அப்படித்தான் செய்வாள். புஷ்பா நெற்றிக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள்; நாக்கில் வைப்பது விஷாலினி தானாகச் சேர்த்துக்கொண்டது. பிள்ளைகள் தலையை அண்ணாந்து, கண்ணை இறுக்க மூடி, வாயை ஆவென்று திறப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். காலையில் அவளுக்கு வாய்க்கும் நல்ல நிமிடம் அதுதான்.

இரண்டாவது பிள்ளை விரலையும் சேர்த்துச் சப்பியது. சிரித்துக்கொண்டே கையை எடுத்து விபூதிச் சம்புடத்துக்குள் விட்டாள். மூன்றாவதாக நின்ற திவாகரன் உதட்டை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டான்.

"எனக்கு நெத்திக்கு மட்டுந்தான். வாய்க்கு வேணா, டீச்சர். மண்ணு மாதிரி இருக்கு."

"தினமும் இதே பாட்டா உனக்கு?"

"தினமும் மண்ணு மாதிரிதான இருக்கு?"

விஷாலினி விரலைப் பார்த்தாள். நுனியில் விபூதி பொடியாக இல்லை. எச்சிலில் குழைந்து, களிமண்போல ஒட்டியிருந்தது. சம்புடத்துக்குள்ளும் இரண்டு மூன்று சின்னக் கட்டிகள்.

அவள் சம்புடத்தை மூடினாள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். பதினான்காம் தேதி வரிசையை நினைவிலிருந்து எழுதினாள். முதல் இரண்டு பேருக்கு நோய் இல்லை. மூன்றாவது முகுந்தன். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது, எட்டாவது, ஐந்து பேருக்கும் நோய். ஒன்பதாவது திவாகரன், வாயைத் திறக்காதவன், நோய் இல்லை. வரிசையில் நிற்காத கெய்ட்லினுக்கும் ஜாரெட்டுக்கும் இல்லை.

பிள்ளைகளின் கையை இருபது எண்ணிக் கழுவவைத்துவிட்டு, தன் கையால் ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு எச்சிலைக் கொண்டுபோயிருக்கிறாள்.

உடனே புஷ்பாவிடம் போகவில்லை. பால் கலக்கினாள், பழம் நறுக்கினாள். கட்டம் தப்பாகவும் இருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. பதினொரு பிள்ளைகளை வைத்து என்ன தெரியும்? நாளையிலிருந்து நாக்கில் வைப்பதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால் போதாதா? யாரும் கேட்கப்போவதில்லை. சான்றிதழுக்கு இன்னும் மூன்று மாதம்தான். மதியச் சோறு ஊட்டி முடிக்கும் வரை அந்த மனமே பேசிக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மாலா. முன்னால் முகுந்தன், பெரிய ஹெல்மெட்டுக்குள் சின்ன முகம்.

"அக்கா, கிளினிக்ல லெட்டர் குடுத்துட்டாங்க. எல்லாம் காஞ்சிருச்சு. திங்கக்கெழம கொண்டாந்து விட்டுர்றேன்."

புஷ்பா இரும்புக் கதவைத் திறக்கவில்லை. "மாலா, சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். வேற எடம் பாத்துக்க."

"வேற எடமா? ஆறேகாலுக்கு எவக்கா கதவத் தெறப்பா?"

"நான் அஞ்சு வீட்டுக்குப் பதில் சொல்லணும்லா."

"மருந்து குடுத்து மறச்சேன்னு அந்தக் குமுதா சொல்றத நம்புறீங்களா? எம் புள்ள மேல சத்தியமா குடுக்கல. இந்தப் பொண்ணுதான சூடு பாத்துச்சு? கேளுங்க!"

"பாத்தேன். சூடு இல்ல," என்றாள் விஷாலினி. "கையப் பாக்க மறந்துட்டேன்."

"சரி, இல்லாமயே இருக்கட்டும். வந்தது இவன்கிட்ட இருந்துதான? போ மாலா, வெயில்ல நிக்காத."

மாலா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகுந்தன் கம்பிக்கு நடுவே எட்டிப் பார்த்தான். "கெய்ட்லின் தூங்குதா?" என்று கேட்டான். மாலா திரும்பி அவனைத் தூக்கி மோட்டாரில் வைத்தாள்.

"அக்கா." விஷாலினிக்குத் தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது. "வந்தது இவன்கிட்ட இருந்துதான். ஆனா அஞ்சு பேருக்கும் கொண்டுபோய்க் குடுத்தது நானு."

நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். வரிசையைச் சொன்னாள், நாக்கில் வைப்பதைச் சொன்னாள். புஷ்பாவின் முகம் சிவந்தது.

"என்னா பேசற நீ? சாமி விபூதியில நோய் வருதுன்னு சொல்றியா? வெளியில போய்ச் சொல்லிப் பாரு, என்னை உயிரோட விட மாட்டாங்க."

"விபூதியச் சொல்லலக்கா. என் வெரலச் சொல்றேன்."

புஷ்பா நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"கண்மணி எத்தனாவது?"

"அஞ்சாவது."

"திவாகரன்?"

"கடைசி. அவன் வாய்க்கு வாங்கறதே இல்ல."

"அந்த ஜாரெட்டு?"

"வரிசையிலயே இல்லக்கா."

புஷ்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் மாலா ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லுவாள் என்று விஷாலினி எதிர்பார்க்கவில்லை; ஆனாலும் அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று மாலா கேட்டாள்.

"காலையிலக்கா."

"காலையில. இப்ப மணி ரெண்டு. நான் வெளிய நின்னு கெஞ்சற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்ன."

"ஆமாக்கா," என்றாள் விஷாலினி.

"எம் புள்ளையப் பேய் மாதிரி பேசுனாங்க," என்றாள் மாலா. "பக்கத்து வீட்டுல இருந்து ஒரு கப்பு சீனிகூட வாங்க முடியல."

புஷ்பா எழுந்து கதவுப் பூட்டைத் திறந்தாள். "உள்ள வந்து தண்ணி குடி மொதல்ல." பிறகு விஷாலினி பக்கம் திரும்பினாள். "இத வாட்ஸ்அப்புல போட்றாத. அதுல போட்டா ஒண்ணு பத்தாகி ரவாங் டவுன் வரைக்கும் போவும். அஞ்சு வீட்டுக்கும் நீயே நடந்து போ. வாயால சொல்லு. சொல்லிட்டன்னா இவன் திங்கக்கெழம வரட்டும்."

"அவங்க ஒத்துக்கலன்னா?"

"அதுக்கு அப்பறம் பாப்போம். ஒன்னயும் சேத்துத்தான் பாக்கணும்."

மாலா தண்ணீரை நின்றபடியே குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். "திங்கக்கெழம ஆறேகாலு," என்றாள். "கதவு தொறந்திருக்கணும்."

மாலை வகுப்புக்கு விஷாலினி அரைமணி முன்னதாகவே வந்துவிட்டாள். மாடியில் யாரும் இல்லை. கீழே உணவுக் கடையில் சட்டியில் எதையோ கிளறும் சத்தம். நாட்குறிப்பைத் திறந்து, 24 ஜூலை, வியாழன் என்று எழுதினாள். விபூதி கொடுக்கும் முறையில் ஒரு குறை இருந்தது என்று தொடங்கினாள். படித்துப் பார்த்தாள், பிடிக்கவில்லை, அடித்தாள். என் விரல் வழியாக ஐந்து பிள்ளைகளின் வாய்க்கு நோய் போயிருக்க வேண்டும் என்று எழுதினாள். 'இருக்க வேண்டும்' என்பதில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். முகுந்தனுக்கு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. கட்டம் சொல்வதற்கு மேல் தனக்கும் தெரியாது. அதை அப்படியே விட்டாள். அதற்குக் கீழே, காலை எட்டு மணிக்குத் தெரிந்ததை இரண்டு மணிக்குத்தான் சொன்னேன் என்று சேர்த்தாள்.

மற்ற பெண்கள் படியேறி வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. அவர்கள் வருவதற்குள் மிச்சத்தை எழுதினாள்.

நாளை, வெள்ளி: காலையில் பழைய விபூதியைக் கொட்டிவிட்டுச் சம்புடத்தைக் கழுவ வேண்டும். விபூதி நெற்றிக்கு மட்டும். மாலை ஐந்தரைக்குக் குமுதா வீடு. கண்மணி தண்ணீர் குடிக்கிறாளா என்று முதலில் கேட்க வேண்டும், பிறகு சொல்ல வேண்டும். அதன் பின் மற்ற நான்கு வீடுகள்.