இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட்

கைபேசியைக் கோகிலவாணியின் முகத்துக்கு நேரே நீட்டியபடி மாடிப்படியை மறித்து நிற்கிறார் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, கரண்ட் பில் குறுஞ்செய்தி அவர் எண்ணுக்குத்தான் வரும், ஏனுங்கம்மா, அஞ்சு தடவையா நூறு யூனிட்டத் தாண்டல, பில்லே கெடையாது, இப்ப ரெண்டு மாசத்துக்கு இருநூத்திப் பன்னெண்டுங்குது, யாருங்க வந்து தங்கியிருக்கறது, தனி ஆளுன்னுதானே குடுத்தோம், குடும்பம் குடியிருக்கற எடமுங்க, அப்படி இப்படின்னா காலி பண்ணிக்கங்க என்கிறார், வேலைக்குக் கிளம்பியவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வருகிறது, கரண்டுக்குக் கணக்குக் கேட்கப்படுவது அவளுக்குப் புதிதல்ல, கணவன் விட்டுப்போன பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறையில் ஞாயிறு மதியம் அவள் பாயை விரித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, அண்ணிக்கு மூக்கு வேர்த்துவிடும், மின்விசிறி நின்றுவிடும், ஒருத்திக்கு எதுக்கு ஒரு ஃபேனு, கதவத் தொறந்து வெச்சாக் காத்து வராதா, கூடத்தில் தன் தலைக்கு மேல் ஓடும் விசிறிக்குக் கீழே பேப்பர் படிக்கிற அண்ணன் நிமிர்ந்தும் பார்க்க மாட்டான், அண்ணியைவிட அவன்மேல்தான் இன்றைக்கும் ஆத்திரம் அதிகம்.

இந்த வீட்டுக்கு வந்த அன்றே காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள், விசிறி பதின்மூன்று மணிநேரம் ஓடினால் ஒரு யூனிட், ஹீட்டருக்கு அரைமணியே போதும், இரண்டு மாதத்துக்கு நூறு இலவசமென்றால் நாளுக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல், அதில் பிரிட்ஜே ஒன்றைத் தின்றுவிடும், மிச்சமிருந்த அரையும் சொச்சமும்தான் அவளுக்கு, அதற்குள் தன்னை மடக்கி மடக்கி வைத்தாள், மார்கழியிலும் பச்சைத் தண்ணீர், இஸ்திரி போடாத புடவை, ஜவுளிக்கடையில் பத்து மணிநேரம் நின்று வீங்கிய காலோடு அரை இருட்டில் சோறு, பில் பூஜ்யம் என்று வந்தபோது இதே நாச்சிமுத்து மெச்சினார், குடியிருந்தா உங்களாட்டம் இருக்கோணுமுங்க, இருக்கறதே தெரியறதில்ல, அதைப் போய்ப் பெருமையாக எடுத்துக்கொண்டாளே, அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் தன்னையே அறையலாம் போலிருக்கிறது. பிறகு, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் கூடத்து விசிறியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போகிறாள், ஒருத்திக்கு எதுக்கு ஒரு ஃபேனு என்று ஒரு குரல், அண்ணியின் குரல் அச்சு அசலாக, வந்தது அவள் வாயிலிருந்தேதான், ஆளில்லாத வீட்டில் தன்னைத்தானே அதட்டியிருக்கிறாள், சீ என்றாகிவிட்டது, தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள், அன்றிலிருந்து ஹீட்டர் போட்டாள், வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அரைமணி சும்மா உட்கார்ந்தாள், கூடத்தில் விசிறி ஓட ஓடச் சமையலறையில் தாளித்தாள், விளக்கு எரிகிற வீட்டுக்குத் திரும்பி வரவேண்டுமென்று காலையிலேயே விளக்கைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள், கொழுப்புதான், இருக்கட்டுமே.

கேக்கறனில்லீங்க, யாரு தங்குனதுன்னு, கைபேசி இன்னும் கிட்டே வருகிறது, மேல் வீட்டுக் கதவு லேசாகத் திறக்கிறது, காலி பண்ணச் சொன்னால் மறுபடியும் அண்ணன் வீட்டுப் பின்னறைதான், தனியாக இருக்கிற பெண்ணுக்கு வேறு எவன் வீடு தருகிறான், அது தெரிந்துதான் கேட்கிறார், தெரிந்துதான் அவளும் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அந்தத் திறந்த கதவுக்கும் சேர்த்துக் கேட்கும்படி சொல்கிறாள், நாந்தானுங்க, இந்த ரெண்டு மாசமாத்தான் நான் இந்த வீட்ல இருக்கறனுங்க, பில்ல நானே கட்டிக்கறேன், வழிய விடுங்க.