ஒன்பது படிக்கு ஒரு கைப்பிடி

1
இந்தக் கதை சுவரில் இருந்த ஓர் அழுக்குக் கோட்டிலிருந்து பிறந்தது. ஆனால் நான் முதலில் எழுதிய தொடக்கம் வேறு:

‘என் மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் பின்புறப் படிகளுக்கு மரக் கைப்பிடி போட முடிவு செய்தோம்.’

அவள் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் அந்த வாக்கியத்தை அடிக்காமல் விட்டுவைக்கிறேன். தச்சரிடமும் அதைத்தான் சொன்னேன்.

2
வீட்டின் பின்னால் திறந்த மரத்தளம். அங்கிருந்து தோட்டத்துக்கு ஒன்பது படிகள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் காற்று. மூன்று மாதங்களுக்கு முன் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் என் தம்பி, “அண்ணன் படியில தள்ளாடுறாரு, யாராவது கையைப் பிடிச்சுக்குங்க” என்றான். அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை.

எங்கள் வீட்டில் எவரும் எதையும் பிடித்துக்கொண்டு நடந்ததில்லை. அப்பா கடைசிவரை நிமிர்ந்தே நடந்தார்.

(கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். படியில் விழுந்ததால். அதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை. இங்கே ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.)

3
தச்சர் வந்தார். அவரைக் கொஞ்சம் வாயாடியாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உண்மையில் அவர் பேசியதைவிட அளந்ததுதான் அதிகம்.

வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய மரம் என்பதால் கருத்த, கனத்த சட்டங்களாகக் கொண்டுவந்திருந்தார். திருகுவதற்கு முன் ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய துளை போட்டார். ஏன் என்று கேட்டேன்.

“வைரம் பாஞ்ச கட்டைங்கய்யா. நேரா திருகு ஏத்தினா பிளந்துடும். முன்னாடியே துளை போட்டு வழி பண்ணி வைக்கணும்.”

“சாதா மரத்துக்கு?”

“அது விட்டுக்கொடுத்துடும். இதுக்கு அந்தப் பழக்கம் இல்ல.”

“எனக்குத் தெரியும்” என்றாள் என் மனைவி கதவருகிலிருந்து. “நாப்பத்திரண்டு வருஷமா.”

(என்னையும் வைரம் பாய்ந்த கட்டை என்றுதான் ஊரில் சொல்வார்கள். பாராட்டு என்று நினைத்திருந்தேன்.)

4
“கைப்பிடி உயரம் யாருக்குங்க?”

“வீட்டம்மாவுக்கு” என்றேன்.

அவளைப் படியில் நிற்கவைத்து, கை இயல்பாகப் போய் அமரும் இடத்தை, திறந்த பக்கத்தில் நட்டிருந்த கம்பத்தில் பென்சிலால் குறித்தார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒன்பது படிகளோடும் சாய்வாக இறங்கியது ஒரு மங்கிய கோடு. வெள்ளையடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நாடாவை வைத்து அளந்தார். பென்சில் குறியைவிட நான்கு விரல் மேலே.

“அம்மா கை இவ்வளவு உயரத்துல போகாதே.”

“நான்தான்” என்றாள் அவள் உடனே. “துணிக்கூடையோட இறங்குறப்ப முழங்கை உரசும்.”

தச்சர் கடைசிப் படிக்கு இறங்கி, சுவரருகே குனிந்தார். “முழங்கைக்கு அஞ்சு விரல் இருக்காதுங்களேம்மா.”

நான் தோட்டத்தைப் பார்த்தேன். அந்தக் கோடு என்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கினேன். இதற்கு மேல் நகரவில்லை.)

“எந்த உயரத்துலங்கய்யா பூட்டட்டும்?”

“மேல இருக்கிறதுல” என்றேன்.

அவர் காரணம் கேட்கவில்லை. வாயாடி அல்ல என்று முன்பே சொன்னேன்.

5
இன்று மாலை தம்பி வருகிறான். அழைத்தவள் என் மனைவி. தோட்டத்தில், படிகளுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டிருக்கிறாள்.

முதல் முடிவு: கைப்பிடியைத் தொடாமல் ஒன்பது படியும் இறங்குகிறேன். தம்பி எழுந்து நிற்கிறான். குடும்ப மானம் காப்பாற்றப்படுகிறது. (ஏழாவது படியை நான் எப்படி எழுதினாலும் அப்பா குறுக்கே வருகிறார்.)

இரண்டாவது முடிவு: பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். அவன் பார்க்கிறான். பிறகு நான் என்ன சொல்வது என்று எழுத வரவில்லை.

இரண்டையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

“சொல்ல என்ன இருக்கு? ‘வாடா’ன்னு சொல்லுங்க” என்றாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது. பேனாவை மூடுகிறேன். வாசகரே, துளையை மட்டும் நான் போட்டு வைத்திருக்கிறேன். திருகை நீங்கள் ஏற்றுங்கள். பார்த்து, மெதுவாக.