லேமினேட் செய்யக் கூடாத காகிதம்

வக்கீலம்மா அந்த உயிலைக் கையில் வாங்கியதும் ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். உறை பளபளத்தது. நான்கு மூலைகளும் வளைவாக வெட்டப்பட்டு, ஒரு காற்றுக்குமிழி கூட இல்லாமல் ஒட்டியிருந்தது.

"இதை யாரு லேமினேட் பண்ணது?"

"நான்தான்," என்றார் அக்கா. குரலில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. "நூத்தி இருபத்தஞ்சு மைக்ரான் தடிமன். தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"தண்ணியில போட்டா ஆகாது. கோர்ட்ல போட்டா ஆகும்."

தெருவில் எல்லோருக்கும் அவர் லேமினேஷன் அக்காதான். பேருந்து டிப்போவுக்கு எதிரே இருபத்தெட்டு வருடமாக நகல் கடை வைத்திருக்கிறார். இரண்டு நகல் இயந்திரம், ஒரு லேமினேஷன் இயந்திரம், நீளக் கைப்பிடி வைத்த ஒரு வெட்டுப் பலகை. பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வேலை நியமன உத்தரவு என்று எது வந்தாலும் "காகிதம்னா சட்டை போட்டுத்தான் வெளியில போகணும்" என்று சொல்லி உறைக்குள் தள்ளிவிடுவார். தன்னுடைய உயிலுக்கும் அப்படித்தான் சட்டை போட்டிருந்தார்.

வரும் திங்கட்கிழமை அவருக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை. "நல்லபடியா முடிஞ்சிடும், ஆனா..." என்று செவ்வாய்க்கிழமை மருத்துவர் இழுத்தார். அந்த "ஆனா"வை வீட்டுக்குப் போய் ஆராய அக்காவுக்குப் பொறுமை இல்லை. மறுநாள் புதன்கிழமையே உயிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் அவர் மகள் இருந்தாள். சின்ன வயதில் கடையில் கிடந்த கிளிப்புகளைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்ததால் அவளுக்குக் கிளிப்பு என்று பெயர். இப்போது முப்பது வயது. கடையின் பாதி வேலை அவள் கையில்.

"என்ன ஆகும்னு சொல்லுங்க," என்றார் அக்கா.

"கையெழுத்து உண்மையானதானு சந்தேகம் வந்தா மையைப் பரிசோதிக்கணும். நீங்க அதுக்கு மேல பிளாஸ்டிக் போட்டு மூடிட்டீங்க. அதுகூடப் பரவாயில்ல. சாட்சி யாரு, இவங்களா?"

"ஆமா, இவ ஒண்ணு. என் தம்பி ஒண்ணு."

"கடையும் மேல இருக்கிற வீடும் இவங்களுக்கு. உங்க அப்பாவோட கைக்கடிகாரம் தம்பிக்கு. யாருக்கெல்லாம் கிடைக்குதோ அவங்களையே சாட்சி போட வெச்சிருக்கீங்க."

"எங்க கடையில பொருளை வாங்கிட்டுப் போறவங்கதான் நோட்டுல கையெழுத்து போடுவாங்க. அதுதானே முறை?"

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "உயில்ல அது தலைகீழ். சாட்சி போட்டவருக்கு எழுதி வெச்சது செல்லாமப் போயிடும். இப்ப இந்தக் காகிதத்தால இவங்களுக்குக் கிடைக்கிறது ஒண்ணுமே இல்ல."

கிளிப்பு தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு. 'என் மகளுக்கு'னு எழுதியிருக்கீங்க. பேரு இல்ல. இவங்க நீங்க பெத்த பொண்ணு இல்லனு தெரியும், தத்து எடுத்த பத்திரம் இருக்கா?"

இல்லை. கிளிப்பின் அம்மா அந்தக் கடையில் வேலை பார்த்தவள். ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு வயதுக் குழந்தையைத் தேடி யாரும் வரவில்லை. அக்கா மாடிக்குக் கூட்டிப் போனார், அவ்வளவுதான் நடந்தது. முறைப்படி தத்து எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பார். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும், சான்றிதழ் நகல் எடுக்கக் கூட்டம் வாசலை அடைக்கும். ஊரார் காகிதங்களுக்கெல்லாம் நகல் போட்டவருக்குச் சொந்த மகளுக்கு ஒரு காகிதம் வாங்க நேரம் அமையவில்லை.

"அப்ப 'மகள்'ங்கிற வார்த்தையை எடுத்துடணுமா?" என்று கேட்டாள் கிளிப்பு. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"எடுக்க விடமாட்டேன்," என்றார் அக்கா. "வக்கீலம்மா, அந்த வார்த்தையும் இருக்கணும், கோர்ட்டுலயும் நிக்கணும். அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

"நீங்க நாலு வயசுலேர்ந்து மகளா வளர்த்தவங்கனு எழுதி, முழுப் பேரு, பிறந்த தேதி, அடையாள அட்டை எண் எல்லாம் போட்டுடலாம். கடைக்கும் வீட்டுக்கும் கதவு எண்ணோட விவரம் வேணும். வெள்ளிக்கிழமை வாங்க. ஒண்ணும் கிடைக்காத ரெண்டு பேர் சாட்சிக்கு வேணும்."

"எழுதாம விட்டா யாருக்குப் போகும்?"

"ரத்த சொந்தத்துக்கு. உங்களுக்குத் தம்பி ஒருத்தர்தான்னா, அவருக்கு."

தம்பி டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம் என்று குறிப்பதுதான் வேலை. வியாழக்கிழமை மதியம் கடைக்கு வந்து, நகல் இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு விஷயத்தைக் கேட்டார்.

"ஆபரேஷனுக்குப் போறப்ப வாயில நல்ல வார்த்தையே வராதாக்கா? உயிலாம் உயிலு. கிளிப்பை நான் நடுத்தெருவுலயா விட்டுடுவேன்?"

"நீ விடமாட்டடா. உனக்கு ரெண்டு பசங்க, ரெண்டு மருமகளுங்க. நாலு பேருக்கும் நீ ஜாமீன் நிப்பியா?"

"என் பசங்களைப் பத்தி என்ன தெரியும்னு பேசுற?"

"உன் பெரியவன் போன வாரம் டேப்போட வந்து கடை அகலத்தை அளந்துட்டுப் போனான். எதுக்குடானு கேட்டா, சும்மா அத்தைங்கிறான். சும்மா யாராவது டேப் தூக்கிட்டு வருவாங்களா?"

தம்பி இயந்திரத்திலிருந்து நிமிர்ந்து நின்றார். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "செல்போன் ரிப்பேர் கடை போடணும்னு ஏதோ சொல்லிட்டிருந்தான். பேச்சுக்குத்தான்."

"அவனும் கெட்டவன் இல்ல. சட்டம் உனக்குக் குடுக்குது, நீ அவனுக்குக் குடுப்பே, அவன் இவளை அக்கானு கூப்பிட்டுக்கிட்டே காலி பண்ணச் சொல்லுவான். யார் மேலயும் தப்பு இருக்காது. அதனாலதான் எழுதுறேன். நாளைக்குப் பதினொரு மணிக்கு நீ சாட்சி போட வரணும்."

"நானா?"

"நீதான்."

எதிரே ஒரு பேருந்து கிளம்பியது. தம்பி பழக்க தோஷத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் லேட்" என்று முணுமுணுத்தபடி போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலில் வந்தவர் பக்கத்து மருந்துக் கடைக்காரர். இரண்டாவது சாட்சி அவர். "எனக்கு ஒண்ணுமே கிடையாதுனு உறுதியாச் சொல்லிட்டீங்க. அந்த வெட்டுப் பலகையாவது எழுதி வெச்சிருக்கலாம்," என்றார்.

"உமக்கு எழுதினா உம்ம கையெழுத்து வீணாப் போயிடும். பேசாம உட்காரும்."

தம்பி பதினொன்று பத்துக்கு வந்தார். அவர் தாமதமாக வந்து அக்கா பார்த்ததில்லை. வக்கீலம்மா கிளிப்பை வெளித் தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார். "சொத்து வாங்குறவங்க கையெழுத்து நேரத்துல உள்ளே இல்லாம இருக்கிறது நல்லது. பக்கத்துல நின்னு மிரட்டி வாங்கிட்டாங்கனு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது." இதய மருத்துவரிடமிருந்து, அக்கா தெளிந்த புத்தியோடு இருக்கிறார் என்று ஒரு கடிதமும் வாங்கி வைத்திருந்தார்.

உயிலை வாசித்தார். முதல் வரியே முன்பு எழுதிய உயில் எதுவும் இனிச் செல்லாது என்றது. 'நான்கு வயது முதல் நான் பெற்ற மகளாகவே வளர்த்த' என்ற இடம் வந்தபோது அக்கா, "அதை இன்னொரு தடவை படிங்க" என்றார். வக்கீலம்மா படித்தார்.

"ஒரு சிக்கல். கைக்கடிகாரம் இன்னும் தம்பி பேர்ல இருக்கு. அது இருந்தா இவர் சாட்சி போடக் கூடாது. ஆனா இவர் போட்டா வலு. எதிர்த்துக் கேட்கக் கூடியவரே நேர்ல பார்த்துக் கையெழுத்து போட்டிருக்கார்னு நிக்கும்."

அக்கா இதை எதிர்பார்த்தவர் போலப் பையைத் திறந்தார். பழைய எஃகுப் பட்டைக் கடிகாரம் ஒன்றை எடுத்துத் தம்பியின் முன் வைத்தார்.

"உயில்ல வேணாம். இப்பவே கையில வாங்கிக்கோ. அந்த வரியை அடிச்சிடுங்க வக்கீலம்மா."

தம்பி அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடுதா?"

"ஓடலை. நீதானே டைம் கீப்பர், ஓட வை."

மருந்துக் கடைக்காரர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. "நான் போடலைன்னா என்ன பண்ணுவக்கா?"

"வக்கீலம்மா ஆபீஸ்ல ஆள் இருக்கு. எப்படியும் இன்னிக்கு முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன். உன் கையெழுத்து இருந்தா, உன் பசங்க நாளைக்கு அதைப் பார்த்துட்டுப் பேசாமப் போயிடுவாங்க. இவளுக்கும் உனக்கும் நடுவுல சண்டை வராது. எனக்கு அது வேணும்."

வக்கீலம்மா அந்த வரி இல்லாமல் புதுப் பக்கத்தை அச்சிட்டு எடுத்தார். தம்பி கடிகாரத்தைக் கையில் கட்டினார். பட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தது. இரண்டு சாட்சிகளும் பார்த்துக்கொண்டிருக்க அக்கா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். அடுத்து மருந்துக் கடைக்காரர். கடைசியாகத் தம்பி பேனாவை வாங்கி, டிப்போப் பதிவேட்டில் போடுகிற அதே முழுக் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் மணியையும் குறித்தார். பதினொன்று நாற்பத்திரண்டு. மணியெல்லாம் தேவையில்லை என்று வக்கீலம்மா சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் கிளிப்பிடம் தம்பி, "பெரியவன்கிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே டேப்போட வந்தா எனக்குப் போன் பண்ணு," என்று மட்டும் சொன்னார்.

மூல உயில் வக்கீலம்மாவின் இரும்பு அலமாரியில் இருந்தது. நகல் ஒன்றோடு அக்காவும் கிளிப்பும் கடைக்கு வந்தார்கள். பழைய உயிலை அழித்துவிடச் சொல்லியிருந்தார் வக்கீலம்மா. அக்கா கிழிக்கப் பார்த்தார். உறை வளைந்து கொடுத்ததே தவிரக் கிழியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கிளிப்பு பிடுங்கிக்கொண்டாள்.

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இந்த வேலை தேவையாம்மா? நூத்தி இருபத்தஞ்சு மைக்ரான்னு பெருமையடிச்சீங்கல்ல."

வெட்டுப் பலகையில் வைத்துக் கைப்பிடியை இறக்கினாள். நான்கு வெட்டு. 'என் மகளுக்கு' என்று இருந்த துண்டைக் குப்பையில் போடாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதது போல நகலைக் கையில் எடுத்தார். அடுத்த நொடி இன்னொரு கை தானாக லேமினேஷன் உறையைத் தேடியது.

"அம்மா!"

"சரி சரி. கத்தாதே."

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மருத்துவமனைக்குப் பையை எடுத்து வைத்தார். கிளிப்பு கணினியில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு அடித்தாள். உயில், பத்திரம் லேமினேட் செய்யப்பட மாட்டாது. வக்கீலைப் பார்த்துவிட்டு வரவும். படித்துப் பார்த்த அக்கா, "கடையில தூசி படும்" என்று சொல்லி அதை வாங்கி உறைக்குள் செருகி, தானே இயந்திரத்தில் விட்டார். அது சூடாக, குமிழி இல்லாமல், மறுபக்கம் வெளியே வந்தது.