அப்பா வயிற்றுக் கிருமி

ஆய்வகத்தில் அவளுக்கு உப்பு மேடம் என்று பெயர். மனிதக் குடலுக்குள் உப்பை விரும்பி வாழும் கிருமிகளைத் தேடுவது அவள் வேலை. மலத்தைக் கரைத்து, கடல்நீரைவிட நாலு மடங்கு உப்புப் போட்ட தட்டுகளில் பூசிவிட்டு, முளைக்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த வேலை செய்கிறவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யாரும் போட்டி போடுவதில்லை. நாற்பத்திரண்டு வயதில் அது பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டாள்.

எண்பது பேர் கொடுத்த டப்பாக்களில் ஒன்றே ஒன்றில் அதிசயம் நடந்தது. இளஞ்சிவப்பில் கடுகளவுப் புள்ளிகள். ஒரு மரபணுவை மட்டும் படித்துப் பார்த்தாள். எந்தப் பட்டியலிலும் அந்தக் கிருமி இல்லை. முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்திவிட்டால் அது அவள் கண்டுபிடிப்பு, பெயர்கூட வைக்கலாம்.

டப்பா அவள் அப்பாவுடையது. ஆள் கிடைக்காத ஒரு நாள் அவரிடமே நீட்டியிருந்தாள். அம்மா போனபின் தனியாக இருக்கும் மனுஷர், அவித்த முட்டையைக்கூட உப்பில் புரட்டித்தான் தின்பார். "இப்படித் தின்னா ரத்தக்கொதிப்பு ஏறாம என்ன செய்யும்? உப்பை விட்டுத் தொலைங்கப்பா" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, டப்பாவோடு பஸ் ஏறினாள்.

வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் ஒரு வியாழக்கிழமை இடம் கிடைத்தது. மெதுவாக வளரும் கிருமி என்பதால் அது முளைத்திருந்த ஏழு தட்டையும் மொத்தமாக வழித்துக் குழாயில் போட்டாள். பின்னால் மறுபடி வளர்த்துக்கொள்ள, உறையவைக்கக் கொஞ்சம் ஒதுக்கியிருக்க வேண்டும். அதை நாளைக்குப் பார்க்கலாம் என்று முந்தின வாரமே தள்ளிப்போட்டிருந்தாள். இனி கழுவ வேண்டும், உப்புத் தண்ணீரில். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பக்கத்து மேசைக்காரிக்குச் சாதாரணக் கிருமிகளைக் கழுவிக்கொடுத்த கை, பழக்க தோஷத்தில் வெறும் தண்ணீர்ப் புட்டியை எடுத்தது. உப்பிலேயே வாழ்ந்த உயிர் வெறும் தண்ணீரைக் கண்டால் ஊதி வெடித்துவிடும். குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, மேல்நீரைத் தொட்டியில் கொட்டிய பிறகுதான், கிருமி படிந்திருக்க வேண்டிய அடியில் ஒன்றுமே இல்லை என்று பார்த்தாள். திட்டுவதற்குத் தன்னைத் தவிர ஆளில்லை.

அப்பாவுக்கு போன் செய்தாள். ஐந்து மாதத்தில் முதல் முறை.

"இன்னொரு டப்பாவா? அதுக்கென்ன, தாராளமா வாம்மா!"

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது சலவைச் சட்டை போட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வாயெல்லாம் பல். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சூடு ஏறினால் உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு, டப்பாவை வாங்கிக்கொண்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினாள்.

ஆறு வாரம் காத்திருந்தாள். புதுத் தட்டுகள் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. சந்தேகம் வந்து மறுபடி போன் செய்தாள்.

"அப்பா, உப்பை நிறுத்திட்டீங்களா?"

"நீதானேம்மா நிறுத்தச் சொன்ன? அன்னியிலேருந்து ஒரு கல்லு தொடல. எதைத் தின்னாலும் வாய்க்கு வெளங்கவே இல்ல. ஆனா நிறுத்திட்டேன்."

அவள் பேச்சை இந்த உலகத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவே அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

"ஏம்மா, அந்தப் பூச்சி செத்துப்போச்சா?"

"அப்படித்தான் போலிருக்கு."

"நான் வேணா மறுபடி உப்பு சேத்துக்கறேனே. ஒரு ரெண்டு மாசம். டாக்டர்கிட்ட மூச்சு விட வேணாம்."

ரெண்டு மாதம், அதோடு முளைக்க ஆறு வாரம் என்று அவள் மனம் கணக்குப் போட்டுவிட்டது. போட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன் மீதே அருவருப்பாக இருந்தது.

"வேண்டாம்பா. உப்பும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம்."

"சரிம்மா. அப்ப உனக்கு இங்க வேலை இல்ல" என்றார், கோபமே இல்லாமல்.

இருக்கிறது என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.