சுவரோரக் கடைசி வாங்கு

வினோஜாவின் கணிதத் தாளில் முதற்பாதி முழுவதும் சரி. மறுபாதியில் விடைகளே இல்லை. அழிறப்பரால் தேய்த்த சாம்பல் தடங்கள் மட்டும் இருந்தன. அருந்ததி ரீச்சர் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அழிக்கப்பட்டவையும் சரியான விடைகள்தாம்.

சரியான விடையை ஒரு பிள்ளை ஏன் அழிக்கிறாள்?

பளை, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று மாறி மாறிக் கிளிநொச்சிக்கு வந்தவள் வினோஜா. ஒரு பள்ளிக்கூடத்தில் தசமம் தொடங்கியிருக்கவில்லை, அடுத்ததில் முடித்துவிட்டிருந்தார்கள். அந்த இடைவெளியைப் பின்னேர வகுப்பில் ரீச்சர் நிரப்பிவிட்டார். கவனிக்க வசதியாக அவளை முன்வாங்கிலும் இருத்தியிருந்தார். அடுத்த சோதனையும் பிழையாய்ப் போனால் எட்டாம் தரத்திலிருந்து ஏழுக்கு இறக்குவதாக அதிபர் சொல்லியிருந்தார்.

ரீச்சர் அவளைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்.

"இது சரிதானே. ஏன் அழிச்சனீ?"

"பிழையாக்கும் எண்டு நினைச்சன் ரீச்சர்."

"எப்ப நினைச்சனீ?"

வினோஜா யோசித்தாள். "நீங்கள் எழும்பி நடக்கேக்க."

"நான் என்ன பேயே?"

வினோஜாவுக்குச் சிரிப்பு வந்து போயிற்று. "பின்னால ஆர் வந்தாலும் கை தானா அழிக்குது. அப்பா பின்னால நிண்டுதான் கணக்குப் பாப்பார். பிழையெண்டா பிடரியில விழும். சில நேரம் சரியெண்டாலும் விழும். அதாலதான் சின்னம்மா என்னை இங்க கூட்டியந்தவா."

ரீச்சருக்கு இப்போது தாள் முழுவதும் விளங்கியது. சோதனையின் முதற்பாதியில் அவர் மேசையடியில் இருப்பார். பிறகு வாங்குகளுக்கிடையில் நடப்பார். முன்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு வகுப்பு முழுவதுமே முதுகுக்குப் பின்னால்தான். அக்கறையோடு கொடுத்த இடமே பிழையான இடம்.

"வீட்டில எப்பிடிச் செய்யிறனீ?"

"சுவரில சாய்ஞ்சிருந்து. அங்க ஒண்டும் அழிக்கிறேல்ல." வினோஜா நிமிர்ந்தாள். "எனக்குக் கடைசி வாங்கு தாங்கோ ரீச்சர்."

"அது கோகுலன்ர ராச்சியமெல்லோ."

"அவனை முன்னுக்குக் கொண்டு வாங்கோ. அவனுக்கும் நல்லது."

அடுத்த சோதனையில் ரீச்சர் வழமைபோல நடந்தார். சுவரோரக் கடைசி வாங்கிலிருந்து வினோஜா ஒருமுறை தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்; பிறகு எழுதிக்கொண்டே போனாள். முடித்ததும் தானே எழுந்து வந்து தாளைக் கொடுத்தாள்.

"அழிறப்பரை வெளியில எடுக்கவேயில்லை ரீச்சர்."

அதிபர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டிலேயே இருக்கட்டும்" என்றார்.

வினோஜாவின் இடம் இப்போது கடைசி வாங்கு, முதுகு சுவரோடு. அவளிடம் போகிறவர்கள் அவள் காணும்படி முன்பக்கமாகப் போகிறார்கள்.